சர்வர் அறையைச் சுருக்குவது: முன்னால் அளக்க வேண்டும், பின்னால் அணைக்க வேண்டும்

பதினைந்து இருபது வருடமாக நடந்துவரும் எந்த நடுத்தர நிறுவனத்தின் சர்வர் அறையைத் திறந்தாலும் காட்சி கிட்டத்தட்ட ஒன்றுதான். கணக்கு மென்பொருளுக்கு ஒரு சர்வர், மின்னஞ்சலுக்கு ஒன்று, வருகைப் பதிவுக்கு ஒன்று, கொள்முதல், விற்பனை, இருப்பு எல்லாவற்றையும் ஒன்றாகக் கையாளும் ஈஆர்பி மென்பொருளுக்கு இரண்டு, அதன் டேட்டாபேஸுக்குத் தனியாக ஒன்று, பிரிண்ட் சர்வர், ஆன்டிவைரஸ் சர்வர், அப்புறம் எதற்கென்று யாருக்கும் சரியாகத் தெரியாத, ஆனால் அணைக்க யாருக்கும் துணிச்சல் வராத ஒன்றிரண்டு பழைய பெட்டிகள். ஏசி இரவும் பகலும் ஓடுகிறது, சில வருடத்துக்கு ஒருமுறை யூபிஎஸ் பேட்டரி மாற்றும் செலவு வந்து நிற்கிறது. இவ்வளவுக்கும் அந்தப் பெட்டிகளில் பெரும்பாலானவை நாளின் பெரும்பகுதி சும்மாவே இருக்கின்றன.

இதை மாற்றத்தான் சர்வர் கன்சாலிடேஷன், விர்ச்சுவலைசேஷன் என்ற இரண்டும் வந்தன. நாலைந்து பலமான சர்வர்களை வாங்கி, ஒவ்வொன்றின் மேலும் ஹைப்பர்வைசர் என்ற மென்பொருளைப் போட்டு, பழைய சர்வர்கள் ஒவ்வொன்றையும் ஒரு விஎம்மாக, அதாவது மென்பொருளாலான ஒரு கணினியாக, அதற்குள் ஓடவிடுவது. விற்பவர்கள் இதை ஒரு வார இறுதியில் முடிகிற வேலை போலக் காட்டுவார்கள். மென்பொருளை நிறுவுவது உண்மையிலேயே சின்ன வேலைதான். ஆனால் திட்டம் ஜெயிப்பதும் தோற்பதும் அதில் இல்லை. நகர்த்துவதற்கு முன்னால் எவ்வளவு கவனமாக அளந்தீர்கள், நகர்த்திய பின்னால் பழையதை நிஜமாகவே அணைத்தீர்களா, இந்த இரண்டில்தான் இருக்கிறது. இந்தக் கட்டுரையில் நான் வலியுறுத்தப் போவதும் அதைத்தான்.

முதலில், இத்தனை சர்வர்கள் எப்படிச் சேர்ந்தன? யாரும் முட்டாள்தனமாக வாங்கிக் குவிக்கவில்லை. 2000-ஐ ஒட்டிய வருடங்களில் விண்டோஸ் சர்வரில் இரண்டு மென்பொருள்களை ஒன்றாகப் போட்டால், ஒன்று கொண்டுவரும் டிஎல்எல் கோப்பு (பல மென்பொருள்கள் பகிர்ந்துகொள்ளும் நிரல் கோப்பு) இன்னொன்றைக் கெடுக்கும். ஒன்றுக்காக ரீபூட் செய்தால் மற்றதும் நிற்கும். மென்பொருள் கொடுத்தவரைக் கூப்பிட்டால், "எங்களுக்குத் தனி சர்வர் கொடுங்கள், இல்லையென்றால் சப்போர்ட் கிடையாது" என்பார். அந்த நேரத்தில் எக்ஸ்86 சர்வர்களும், அதாவது இன்டெல், ஏஎம்டி வகைப் பிராசசரில் ஓடுபவையும், மலிவாகிக்கொண்டே வந்தன. ஆக, ஒரு வேலைக்கு ஒரு சர்வர் என்பது அன்றைக்கு நியாயமான முடிவுதான். ஒவ்வொரு முறையும் தனித்தனியாகப் பார்த்தால் சரி. கூட்டிப் பார்க்கும்போதுதான் வீண் தெரிகிறது.

அந்த வீண் எவ்வளவு என்பதை 2007-ல் கூகுளின் லூயிஸ் பரோசோவும் ஊர்ஸ் ஹோல்ஸ்லேவும் ஒரு கட்டுரையில் தெளிவாகக் காட்டினார்கள். அவர்கள் பார்த்த ஆயிரக்கணக்கான சர்வர்கள் பெரும்பாலான நேரம் தங்கள் திறனில் 10 முதல் 50 சதவீதத்துக்குள்தான் ஓடின. அதைவிட முக்கியமான விஷயம், எந்த வேலையும் செய்யாமல் சும்மா இருக்கும் சர்வர்கூட, முழு வேகத்தில் ஓடும்போது எடுக்கும் மின்சாரத்தில் பாதியளவு எடுத்தது. அவை கூகுளின் சர்வர்கள். நம் அலுவலகத்துப் பிரிண்ட் சர்வர் 10 சதவீதத்தைத் தொட்டாலே அதிசயம். இன்றைய பிராசசர்கள் சும்மா இருக்கும்போது முன்னைவிடக் குறைவாகவே எடுக்கின்றன என்றாலும் அடிப்படை மாறவில்லை. பாதி தூங்கும் 20 சர்வர்களைவிட நன்றாக உழைக்கும் 3 சர்வர்கள் மிகவும் சிக்கனமானவை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இது எந்த நிறுவனத்தின் கணக்கும் இல்லை, உங்கள் எண்களைப் போட்டுப் பார்க்க ஒரு மாதிரி, அவ்வளவே. 20 சர்வர்கள், ஒவ்வொன்றும் சராசரியாக 250 வாட் என்றால் மொத்தம் 5 கிலோவாட். வருடத்துக்கு 8,760 மணி நேரம், ஆக 43,800 யூனிட். ஏசி, யூபிஎஸ் இழப்பு எல்லாம் சேர்த்து 1.8 மடங்கு என்று வைத்தால் 78,840 யூனிட். இதையே தலா 500 வாட் எடுக்கும் 3 சர்வர்களிலும், 500 வாட் எடுக்கும் ஒரு ஸ்டோரேஜ் பெட்டியிலும் அடக்கினால் 2 கிலோவாட், அதே 1.8 மடங்கில் 31,536 யூனிட். மிச்சம் 47,000 யூனிட்டுக்கு மேல். யூனிட் 8 ரூபாய் என்றால் வருடத்துக்குச் சுமார் 3.8 லட்சம்.

ஆனால் இந்தக் கணக்கில் ஓர் ஓட்டை இருக்கிறது, அதைப் பலர் கவனிப்பதில்லை. அந்த 1.8 மடங்கு அப்படியே இருக்காது. 5 கிலோவாட்டுக்குப் போட்ட ஏசியையும் யூபிஎஸ்ஸையும் அப்படியே வைத்துக்கொண்டு சுமையை மட்டும் 2 கிலோவாட்டுக்கு இறக்கினால், அவை தாங்களே தின்னும் மின்சாரம் அதே விகிதத்தில் இறங்காது. ஏசி விட்டுவிட்டு ஓடும், யூபிஎஸ் குறைந்த சுமையில் திறன் குறைந்து ஓடும். மொத்த மின்சாரத்தை ஐடி சாதனங்கள் எடுக்கும் மின்சாரத்தால் வகுக்கும் இந்த அளவுக்குத்தான் பியூஇ என்று பெயர். கிரீன் கிரிட் என்ற அமைப்பு 2007-ல் இதைப் பரவலாக்கியது. சர்வர்களைச் சுருக்கிய பிறகு பியூஇ மோசமாவது அடிக்கடி நடப்பதுதான். அதைப் பார்த்துவிட்டுத் திட்டம் தோற்றுவிட்டது என்று நினைக்க வேண்டாம். மொத்த யூனிட் குறைந்ததா என்று பாருங்கள், பிறகு ஏசி, யூபிஎஸ் பக்கம் போங்கள்.

சரி, இந்தத் தொழில்நுட்பம் எங்கிருந்து வந்தது? பலர் இதை 2000-க்குப் பிறகு வந்த புதுமை என்று நினைக்கிறார்கள். ஐபிஎம் அமெரிக்காவில் இருந்த தன் கேம்பிரிட்ஜ் ஆய்வு மையத்தில் சிபி-40 என்ற அமைப்பை 1960-களிலேயே செய்துவிட்டது. ஒரே மெயின்ஃபிரேமை, அதாவது பெரிய மையக் கணினியை, பலர் தங்களுடைய தனிக் கணினி போலப் பயன்படுத்த அது வழி செய்தது. 1972-ல் விஎம்/370 என்ற பெயரில் அது விற்பனைக்கே வந்துவிட்டது. கோடிக்கணக்கில் விலையுள்ள இயந்திரம் என்பதால் அதைப் பங்கிட்டுப் பயன்படுத்த வேண்டிய கட்டாயம் இருந்தது. பின்னால் கணினி மலிவானதும் அந்தக் கட்டாயம் போய்விட்டது, பங்கிடுவதும் மறந்துபோனது. மலிவான கணினிகள் அறை நிறையச் சேர்ந்த பிறகுதான் மறுபடி ஞாபகம் வந்தது.

ஞாபகம் வந்தாலும் எக்ஸ்86 பிராசசரில் இதைச் செய்வது லேசாக இல்லை. ஒரு பிராசசரை ஒழுங்காகப் பங்கிட வேண்டுமானால், அதிகாரம் தேவைப்படும் கட்டளையை விஎம்முக்குள் இருக்கும் இயக்குதளம் கொடுக்கும்போது பிராசசர் அதை நிறுத்தி ஹைப்பர்வைசரிடம் சொல்ல வேண்டும். 1974-லேயே போபெக், கோல்ட்பர்க் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இந்த விதியை எழுதிவைத்துவிட்டார்கள். எக்ஸ்86-ல் இந்த விதிக்கு அடங்காத கட்டளைகள் பல இருந்தன. உதாரணத்துக்கு பாப்எஃப் என்ற கட்டளை. இன்டரப்ட்களை, அதாவது நடுவில் வந்து பிராசசரின் கவனத்தைத் திருப்பும் சிக்னல்களை, தடுக்கவும் திறக்கவும் இயக்குதளம் இதைப் பயன்படுத்தும். அதிகாரம் இல்லாத நிலையில் இதைக் கொடுத்தால் பிராசசர் பிழை என்று சொல்லவும் மாட்டாது, சொன்ன வேலையைச் செய்யவும் மாட்டாது, பேசாமல் அடுத்த கட்டளைக்குப் போய்விடும். இன்டரப்டைத் தடுத்துவிட்டோம் என்று உள்ளே இருக்கும் இயக்குதளம் நம்பிக்கொண்டிருக்கும், நிஜத்தில் எதுவும் நடந்திருக்காது. ஹைப்பர்வைசருக்கும் விஷயமே தெரியாது.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் டிஸ்கோ என்ற ஆய்வைச் செய்த குழுவினர் 1998-ல் தொடங்கிய விஎம்வேர் நிறுவனம் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தது. இப்படிப்பட்ட கட்டளைகளை ஓடும்போதே கண்டுபிடித்து, பாதுகாப்பான வேறு கட்டளைகளாக மாற்றி எழுதிவிடுவது. 1999-ல் மேசைக் கணினிக்கும் 2001-ல் சர்வருக்கும் அவர்கள் பொருள் வந்தது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பிறந்த சென் 2003-ல் வேறு வழியில் போனது: உள்ளே ஓடும் இயக்குதளத்தையே கொஞ்சம் திருத்தி, ஹைப்பர்வைசரிடம் நேரடியாகக் கேட்கவைத்தது. 2006-ல் அமேசான் தன் ஈசி2 சேவையைத் தொடங்கியது இந்த சென்னின் மேல்தான். 2005-ல் இன்டெலும் 2006-ல் ஏஎம்டியும் பிராசசருக்குள்ளேயே இதற்கான வசதியைக் கொடுத்த பிறகு பாதை எளிதாகிவிட்டது. 2007-ல் கேவிஎம் என்ற ஹைப்பர்வைசர் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் சேர்ந்தது, 2008-ல் மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்-வி வந்தது, அதே வருடம் கேவிஎம்மைப் பயன்படுத்தும் ப்ராக்ஸ்மாக்ஸும் வந்தது. இன்றைக்கு ஹைப்பர்வைசர் என்பது அரிய பொருளே இல்லை.

எனக்குக் கேட்டால், மின்சாரத்தை மிச்சம் பிடித்ததைவிடப் பெரிய மாற்றம் 2003-ல் விஎம்வேர் கொண்டுவந்த விமோஷன். ஓடிக்கொண்டிருக்கும் விஎம்மை நிறுத்தாமலே வேறொரு சர்வருக்கு நகர்த்துவது. நடப்பது இதுதான்: விஎம் இங்கே ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் மெமரி முழுவதும் நெட்வொர்க் வழியாக அங்கே நகலாகிறது. நகலாகும் நேரத்தில் மாறிய பக்கங்கள் மட்டும் மறுபடி போகின்றன, பிறகு அந்த நேரத்தில் மாறியவை, இப்படி மிச்சம் மிகச் சிறியதாகும்வரை. அப்புறம் ஒரு கணம் விஎம்மை நிறுத்தி, கடைசி மிச்சத்தையும் பிராசசரின் நிலையையும் அனுப்பி, அந்தப் பக்கம் ஓடவிட்டு, இந்த முகவரி இனி இந்தப் போர்ட்டில் என்று ஸ்விட்ச்சுக்கு ஒரு செய்தி போகிறது. ஈஆர்பியில் பில் போட்டுக்கொண்டிருப்பவருக்கு எதுவும் தெரியாது. இதற்கு முன்னால் ஒரு சர்வரில் மெமரி மாற்ற வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமை ராத்திரிதான். இப்போது புதன்கிழமை மத்தியானம் செய்யலாம். சர்வர் அறையில் வேலை செய்பவர்களின் வாழ்க்கையை மாற்றியது இதுதான்.

பெரிய நிறுவனங்கள் இந்தக் காலத்தில் பெரிதாகவே செய்தன. ஹெச்பி 2006 வாக்கில் உலகெங்கும் இருந்த தன் 85 டேட்டா சென்டர்களை அமெரிக்காவின் மூன்று நகரங்களில் 6 ஆகச் சுருக்கும் வேலையில் இறங்கியது. ஐபிஎம் 2007-ல் தன் சொந்த சர்வர்களில் சுமார் 3,900-ஐ லினக்ஸ் ஓடும் 30 மெயின்ஃபிரேம்களுக்குள் அடக்கப் போவதாக அறிவித்தது. உலக அளவில் இதன் பலன் 2020-ல் சயன்ஸ் இதழில் வந்த ஓர் ஆய்வில் தெரிகிறது. 2010-க்கும் 2018-க்கும் இடையில் டேட்டா சென்டர்களில் நடந்த கணினி வேலை 550 சதவீதம் கூடியது, ஆனால் அவை எடுத்த மின்சாரம் கூடியது வெறும் 6 சதவீதம்தான். அந்தப் பெருமை முழுவதும் விர்ச்சுவலைசேஷனுக்கே போகாது, பிராசசரும் டிஸ்க்கும் மேம்பட்டன, பெரிய கிளவுட் நிறுவனங்களின் திறமையான கட்டடங்களும் சேர்ந்தன. ஆனால் அந்தக் கட்டடங்களும் விஎம்கள் இல்லாமல் சாத்தியமாகி இருக்காது. ஏஐ வந்த பிறகு இந்தக் கதை வேறு பாதையில் போய்விட்டது, அது தனிக் கட்டுரை.

இனி வேலைக்கு வருவோம். முதலில் அளப்பது. ஒரு வாரம் அளந்துவிட்டு வாங்கும் பட்டியல் போடுகிறவர்களைத் தயவுசெய்து நம்பாதீர்கள். நம் ஊர் நிறுவனத்தின் சுமை வாரக் கணக்கில் வருவதில்லை. மாதக் கடைசியில் சம்பளப் பட்டியல் ஓடும், 20-ஆம் தேதி நெருங்கினால் ஜிஎஸ்டி வேலையில் கணக்குப் பிரிவே சர்வரில் உட்கார்ந்திருக்கும், மார்ச் கடைசியில் எல்லாமே ஒரே நேரத்தில் உச்சத்துக்குப் போகும். குறைந்தது ஒரு முழு மாதமாவது, முடிந்தால் ஒரு காலாண்டு முடிவும் சேர, பிராசசர், மெமரி, டிஸ்க், நெட்வொர்க் நான்கையும் பதிவு செய்ய வேண்டும். சராசரியைப் பார்த்து ஏமாற வேண்டாம். எந்தெந்த சர்வர்களின் உச்சம் ஒரே மணி நேரத்தில் வருகிறது என்பதுதான் கேள்வி. பகலில் உழைக்கும் ஈஆர்பியையும் ராத்திரி உழைக்கும் ரிப்போர்ட் சர்வரையும் ஒரே பெட்டியில் போடலாம். ராத்திரி 11 மணிக்கு பேக்கப் ஆரம்பிக்கும் எட்டு விஎம்களை ஒரே பெட்டியில் போட்டால் எட்டும் படுக்கும்.

இங்கே பெரும்பாலும் முதலில் தீர்வது பிராசசர் இல்லை. மெமரி தீரும், அதற்கடுத்து டிஸ்க்கின் வேகம். ஒண்டுக் குடித்தனத்தில் எல்லாப் போர்ஷனுக்கும் ஒரே தண்ணீர்த் தொட்டி என்றால் காலையில் ஒருவர் குழாயைத் திறந்துவைத்தால் மற்றவர்களுக்குச் சொட்டுகிற மாதிரி, ஒரு விஎம் டிஸ்க்கைப் பிடித்துக்கொண்டால் மற்ற எல்லாமே மந்தமாகும். பழைய சர்வர் ஒவ்வொன்றிலும் தனித்தனி டிஸ்க்குகள் இருந்தன. அவற்றின் கொள்ளளவை மட்டும் கூட்டி அதற்குத் தகுந்த ஸ்டோரேஜ் வாங்கினால், இடம் போதும், வேகம் போதாது. எத்தனை டெராபைட் என்று கேட்பதைவிட நொடிக்கு எத்தனை முறை படிக்கிறது, எழுதுகிறது என்பதைக் கேளுங்கள். எஸ்எஸ்டி மலிவான பிறகு இந்தத் தலைவலி நிறையக் குறைந்திருக்கிறது, போய்விடவில்லை.

பிராசசர் விஷயத்தில் புதியவர்களைக் குழப்பும் ஒன்று உண்டு. பழைய சர்வரில் 8 கோர் (பிராசசருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதி) இருந்தது, அதனால் விஎம்முக்கும் 8 கொடுத்துவிடுவார்கள். விஎம் மந்தமாக இருக்கும். பயனர்கள் புகார் சொல்வார்கள். 12 ஆக்குவார்கள். இன்னும் மந்தமாகும். ஆனால் விஎம்முக்குள் போய்ப் பார்த்தால் பிராசசர் 15 சதவீதம்தான் ஓடுகிறது என்று காட்டும். பார்க்க வேண்டிய இடம் வேறு: ரெடி என்ற ஓர் அளவு. விஎம் ஓடத் தயாராக இருந்தும் கோர் கிடைக்காமல் காத்திருந்த நேரம் அது. விஎம்வேரின் விஸ்பியர் மென்பொருள் காட்டும் நிகழ்நேர வரைபடத்தில் இது 20 நொடிக்கு இத்தனை மில்லிநொடி என்று வரும். ஒரு விர்ச்சுவல் பிராசசருக்கு 1,000 என்று காட்டினால் 5 சதவீத நேரம் வரிசையில் நின்றது என்று அர்த்தம், அங்கிருந்தே கவனிக்கத் தொடங்க வேண்டும். விர்ச்சுவல் பிராசசர்கள் அதிகமாக இருக்கும் விஎம்மில் அவை எல்லாம் கிட்டத்தட்டச் சேர்ந்தே முன்னேற வேண்டும், அதனால் பெரிய விஎம் அதிகம் காத்திருக்கும், பக்கத்தில் இருப்பவற்றையும் காக்கவைக்கும். 12-ஐ 4 ஆகக் குறைத்ததும் அதே மென்பொருள் வேகமாக ஓடுவதைப் பார்க்கும்போது முதலில் நம்பவே முடியாது. குறைவாகக் கொடுத்து ஆரம்பியுங்கள், கேட்டால் கூட்டுங்கள்.

எத்தனை சர்வர் வாங்குவது என்ற கணக்கில் ஒன்று இறந்தாலும் மிச்சம் இருப்பவை தாங்க வேண்டும் என்பதை முதலிலேயே சேர்த்துவிட வேண்டும். 3 சர்வர் என்றால் ஒவ்வொன்றையும் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பக் கூடாது. வாங்கும்போது எல்லாருக்கும் இது தெரிந்தே இருக்கும், இரண்டு வருடத்தில் புது விஎம்கள் சேர்ந்து சேர்ந்து மூன்றும் 85 சதவீதத்துக்கு வந்திருக்கும், யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். அப்புறம், ஹெச்ஏ என்ற வசதி பற்றி நிர்வாகத்திடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். ஒரு சர்வர் செத்தால் அதிலிருந்த விஎம்கள் வேறொன்றில் மறுபடி ஸ்டார்ட் ஆகும், அவ்வளவுதான். இயக்குதளம் எழுந்து, டேட்டாபேஸ் தன்னைச் சரிபார்த்து, மென்பொருள் ஓட சில நிமிடங்கள் ஆகும். நிற்கவே நிற்காது என்று வாக்குக் கொடுத்துவிட்டுப் பின்னால் தவிக்க வேண்டாம்.

இன்னொன்று, கேட்டால் சின்ன விஷயமாகத் தெரியும். பயனர்களின் உள்நுழைவைச் சரிபார்க்கும் டொமைன் கன்ட்ரோலர், டிஎன்எஸ் எல்லாவற்றையும் விஎம் ஆக்கியாகிவிட்டது. அந்த விஎம்களை நிர்வகிக்கும் மென்பொருளும் ஒரு விஎம். ஸ்டோரேஜ் பெட்டியைப் பெயரைச் சொல்லிக் கூப்பிடும்படி அமைத்திருக்கிறார்கள், பெயரை முகவரியாக மாற்றித் தர வேண்டியது டிஎன்எஸ். ஒரு நாள் மின்சாரம் நீண்ட நேரம் போய், யூபிஎஸ்ஸும் தீர்ந்து, எல்லாம் அணைந்துவிடுகிறது. மின்சாரம் வந்ததும் ஹைப்பர்வைசர் எழும், ஸ்டோரேஜைத் தேடும், அதற்கு டிஎன்எஸ் வேண்டும், டிஎன்எஸ் இருப்பதோ அந்த ஸ்டோரேஜுக்குள். உள்நுழையலாம் என்றால் டொமைன் கணக்கு, அதைச் சரிபார்க்க வேண்டிய கன்ட்ரோலரும் உள்ளேதான். ஒரு டொமைன் கன்ட்ரோலரை வெளியே தனிப் பெட்டியில் வைப்பது, ஸ்டோரேஜுக்கு எண் முகவரியே கொடுப்பது, எது முதலில் எது பின்னால் என்ற ஸ்டார்ட் வரிசையைக் காகிதத்தில் அச்சிட்டு அறைக் கதவில் ஒட்டுவது, மூன்றும் கிட்டத்தட்டச் செலவே இல்லாத வேலைகள். கோப்பாக மட்டும் வைத்திருந்தால் அந்த நேரத்தில் கோப்பைத் திறக்க முடியாது.

நகர்த்தவே கூடாதவையும் உண்டு. யூஎஸ்பி டாங்கிள் (லைசன்ஸுக்காகச் செருகிவைக்கும் சின்னக் கருவி) வைத்து ஓடும் பழைய மென்பொருள், இயந்திரத்தோடு தனி கார்டு வழியாகப் பேசும் சர்வர் போன்றவை. டாங்கிளை நெட்வொர்க் வழியாகக் கொடுக்கும் கருவிகள் கிடைக்கின்றன, ஆனால் ஒவ்வொன்றையும் சோதித்துப் பார்த்துத்தான் நம்ப முடியும். இன்னும் விண்டோஸ் சர்வர் 2003 ஓடுகிறது, ஹார்ட்வேர் செத்துவிடும் என்று பயந்து அதை விஎம் ஆக்குகிறார்கள் என்றால், ஹார்ட்வேர் பயம் போகும், சரி. ஆனால் அந்த இயக்குதளத்துக்கு 2015 ஜூலையோடு பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன. புதுப் பெட்டியில் இருக்கிறது என்பதற்காக அது புதியதாகிவிடாது. மற்ற விஎம்களோடு பேச முடியாதபடி தனி நெட்வொர்க்கில் அடைத்துவைக்க வேண்டும்.

இப்போது ஆபத்துப் பக்கம். சர்வர்களைச் சேர்க்கும்போது செலவு குறைகிறது, ஆனால் ஒரே இடத்தில் எல்லாம் போகிறது. தென்கொரியாவில் நடந்ததை இதில் ஆர்வமுள்ள எல்லாரும் படிக்க வேண்டும். அமைச்சகங்கள் தனித்தனியாக வைத்திருந்த கணினி அமைப்புகளை ஒன்றுசேர்க்க 2005-ல் தேஜோன் நகரில் அரசு ஒரு மையத்தைத் தொடங்கியது. 2025 செப்டம்பர் 26 அன்று அங்கே யூபிஎஸ்ஸின் லித்தியம் பேட்டரிகளை இடம் மாற்றும் வேலையின்போது தீப்பிடித்தது. முதலில் 647 அமைப்புகள் நின்றன என்று அறிவித்தார்கள், பின்னால் எண்ணிப் பார்த்தபோது அது 709 ஆனது. அரசு ஊழியர்களின் கோப்புகள் இருந்த ஜி-டிரைவ் என்ற அமைப்பில் 858 டெராபைட் போய்விட்டது, வெளியே அதற்கு பேக்கப் இல்லை. 2021 மார்ச்சில் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்கில் ஓவிஹெச் நிறுவனத்தின் ஒரு டேட்டா சென்டர் எரிந்தபோதும் பேக்கப்பை அதே வளாகத்தில் வைத்திருந்தவர்கள் இரண்டையும் இழந்தார்கள். நம் நாட்டிலும் 2008-ல் ஒப்புதலான திட்டத்தின்கீழ் மாநிலங்கள் தங்கள் துறைகளின் சர்வர்களை மாநிலத் தரவு மையம் என்ற ஒரே கூரைக்குள் கொண்டுவந்தன, தமிழ்நாட்டின் மையம் பெருங்குடியில் எல்காட்டிடம் இருக்கிறது. ஒரே கூரை தவறில்லை. இன்னொரு ஊரில் இன்னொரு நகல் இல்லாமல் ஒரே கூரைக்கு வருவதுதான் தவறு.

தீ மட்டுமில்லை. 2023 பிப்ரவரியில் ஈஎஸ்எக்ஸ்ஐஆர்க்ஸ் என்ற ரான்சம்வேர், அதாவது கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் மென்பொருள், இணையத்துக்குத் திறந்துகிடந்த ஆயிரக்கணக்கான ஹைப்பர்வைசர்களைத் தாக்கியது. அது நுழைந்தது என்று அப்போது சொல்லப்பட்ட ஓட்டைக்குத் திருத்தம் வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஒவ்வொரு சர்வராக உடைக்கத் தேவையில்லை, ஹைப்பர்வைசருக்குள் நுழைந்தால் அதன் மேலிருக்கும் எல்லா விஎம்களின் கோப்புகளையும் ஒரே மூச்சில் பூட்டிவிடலாம். ஹைப்பர்வைசரின் நிர்வாக முகவரி இணையத்திலிருந்தோ அலுவலக நெட்வொர்க்கிலிருந்தோ தெரியவே கூடாது. பேக்கப் சர்வரும் அதே டொமைனில், அதே கடவுச்சொல்லில் இருக்கக் கூடாது. ஸ்னாப்ஷாட், அதாவது விஎம்மின் ஒரு கணத்து நிலையின் பதிவு, எடுத்துவைத்திருக்கிறோம் என்று சிலர் சொல்வார்கள், அது பேக்கப் இல்லை. மூல டிஸ்க் போனால் ஸ்னாப்ஷாட்டும் போகும். தவிர, ஸ்னாப்ஷாட் வளர்ந்துகொண்டே இருக்கும், ஸ்டோரேஜ் நிரம்பினால் அதிலிருக்கும் விஎம்கள் அப்படியே நின்றுவிடும். மூன்று நாளுக்கு மேல் எதையும் வைக்காதீர்கள் என்று விஎம்வேரே சொல்கிறது.

லைசன்ஸ் கணக்கு இன்னொரு பொறி. விண்டோஸ் சர்வர் 2016-லிருந்து கோர் கணக்கில் விற்கப்படுகிறது. ஒரு சர்வரின் எல்லாக் கோருக்கும் ஸ்டாண்டர்ட் வாங்கினால் இரண்டு விஎம்தான், டேட்டாசென்டர் பதிப்பு என்றால் எத்தனை வேண்டுமானாலும். 10 விண்டோஸ் விஎம் ஓடும் பெட்டிக்கு எது மலிவு என்பதை வாங்குவதற்கு முன்னால் பார்க்க வேண்டும். ஆரக்கிள் டேட்டாபேஸ் வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். விஎம்வேர் கிளஸ்டரில் ஒரு சின்ன விஎம்மில் அது ஓடினாலும், அது நகர்ந்து போகக்கூடிய எல்லா சர்வர்களின் கோர்களுக்கும் லைசன்ஸ் கேட்பது ஆரக்கிளின் நிலைப்பாடு. அதனால் பலர் ஆரக்கிளுக்கென்றே தனியாக இரண்டு பெட்டிகளை வைத்துவிடுகிறார்கள், அது புத்திசாலித்தனம்தான்.

ஹைப்பர்வைசரே பொறியாகும் என்பதை 2023 காட்டியது. அந்த நவம்பரில் பிராட்காம் விஎம்வேரை வாங்கி முடித்தது, அடுத்த மாதமே நிரந்தர லைசன்ஸ் விற்பதை நிறுத்தி எல்லாவற்றையும் சந்தாவாக மாற்றியது. 2024-ல் ஏடி அண்ட் டி நிறுவனம் வழக்குப் போட்டது. அந்த மனுவில் அவர்கள் சுமார் 8,600 சர்வர்களில் சுமார் 75,000 விஎம் ஓட்டுவதாகச் சொன்னார்கள். செலவு 1,050 சதவீதம் உயரும்படி விலை கேட்கப்பட்டதாகவும் சொன்னார்கள். வருடக் கடைசியில் வழக்கு சமரசத்தில் முடிந்தது. அவ்வளவு பெரிய நிறுவனமே நீதிமன்றம் போக வேண்டியிருந்தால், 60 விஎம் வைத்திருக்கும் நிறுவனத்துக்கு பேரம் பேச என்ன பலம் இருக்கிறது? அதனால்தான் இப்போது ப்ராக்ஸ்மாக்ஸ், ஹைப்பர்-வி, நியூட்டானிக்ஸ் என்று எல்லாரும் மாற்று தேடுகிறார்கள். எதைத் தேர்ந்தெடுத்தாலும், விஎம்மின் டிஸ்க்கை வெளியே எடுத்து வேறொரு ஹைப்பர்வைசரில் ஓடவைக்க எவ்வளவு நேரம் ஆகும் என்பதை வாங்குவதற்கு முன்னாலேயே ஒருமுறை செய்து பார்த்துவிடுங்கள்.

கடைசியாக அணைப்பது. அமெரிக்க மத்திய அரசின் கதை இதற்குச் சரியான உதாரணம். 1998-ல் 432 ஆக இருந்த அவர்களுடைய டேட்டா சென்டர்கள் 2009-ல் 1,100-ஐத் தாண்டிவிட்டன என்று 2010-ல் அப்போதைய தலைமைத் தகவல் அதிகாரி விவேக் குந்த்ரா சுருக்கும் திட்டத்தைத் தொடங்கினார். எண்ணத் தொடங்கினார்கள். முதலில் 500 சதுர அடிக்கு மேல் உள்ளவை மட்டும், பிறகு எந்த அளவானாலும் கணக்கு என்று வரையறையை மாற்றினார்கள். எண்ணிக்கை சில வருடத்தில் 7,000-ஐத் தாண்டியது. அத்தனை அறைகள் யார் கணக்கிலும் வராமல் ஓடிக்கொண்டிருந்தன. 2016-ல் ஒரு சர்வரில் குறைந்தது 4 இயக்குதளமாவது ஓட வேண்டும் என்றெல்லாம் இலக்கு வைத்தார்கள். ஆயிரக்கணக்கில் மூடவும் செய்தார்கள். ஆனால் அந்த முதல் சில வருடங்களின் பாடம் எளிமையானது, இருப்பதே தெரியாத ஒன்றை மூட முடியாது.

நிறுவனத்திலும் அதேதான். விஎம்முக்கு மாறிய பிறகு பழைய சர்வரை "இருக்கட்டும், எதற்கும்" என்று ஓடவிடுவார்கள். ஆறு மாதம், ஒரு வருடம். மின்சாரம், ஏசி, ஏஎம்சி என்ற வருடாந்தரப் பராமரிப்புக் கட்டணம் எல்லாம் முன்பு போலவே போகும், அதற்கு மேல் புது சர்வரின் செலவும் சேரும். இன்னொரு பக்கம் விஎம் உருவாக்குவது பத்து நிமிட வேலை என்பதால் டெஸ்ட்டுக்கு ஒன்று, டெமோவுக்கு ஒன்று என்று பெருகும். ஒவ்வொரு விஎம்முக்கும் ஒரு பொறுப்பாளர் பெயரும் ஒரு முடிவுத் தேதியும் இல்லாமல் உருவாக்கக் கூடாது என்று முதல் நாளே விதி வைத்தால்தான் இது அடங்கும்.

அணைக்கும் முறையை நான் இப்படித்தான் சொல்வேன். நகர்த்திய அன்றைக்கே பழைய சர்வரின் நெட்வொர்க் கேபிளை மட்டும் கழற்றுங்கள், பவர் இருக்கட்டும். ஒரு மாதக் கடைசியும் ஒரு ஜிஎஸ்டி தேதியும் தாண்டட்டும். யாரும் கூப்பிடவில்லை என்றால் பவரை அணையுங்கள், ஒரு காலாண்டு முடியும்வரை ரேக்கிலேயே வைத்திருங்கள். அப்புறம் டிஸ்க்குகளை முறையாக அழித்து, அழித்ததற்குச் சான்றிதழ் வாங்கி, மின்னணுக் கழிவு எடுக்கும் அங்கீகாரம் பெற்றவர்களிடம் கொடுங்கள். அதே வாரத்தில் சொத்துப் பட்டியலிலிருந்தும் ஏஎம்சி ஒப்பந்தத்திலிருந்தும் அந்த சீரியல் எண்ணை எடுக்கச் சொல்லிக் கணக்குப் பிரிவுக்கு எழுதுங்கள், ஏனென்றால் கழிவுக்குப் போன சர்வருக்கு ஏஎம்சி கட்டிக்கொண்டிருக்கும் நிறுவனங்கள் நிறைய இருக்கின்றன. ஏசியில் எதை நிறுத்தலாம், அடுத்த முறை பேட்டரி மாற்றும்போது எத்தனை கேவிஏ திறனுள்ள யூபிஎஸ் போதும் என்ற பேச்சை இதற்கப்புறம்தான் ஆரம்பிக்க முடியும்.